மூன்று பச்சை

கியர் லீவரை இறக்கினேன்.
இடது பச்சை. வலது பச்சை.
மூக்குச் சக்கரத்துக்கு உரிய இடத்தில் மட்டும்
வெறும் கண்ணாடி.

தாஸ் தீவுக்குப் பதினோரு மைல்.
கீழே எண்ணெய் மேடைகளின் தீநாக்குகள்.
கடல் எது வானம் எது என்று காட்டிக்கொடுக்க
ஒரு தோணிகூட இல்லாத
ஜூலை மாதப் பால்நிறப் புழுக்கம்.

விரலால் தட்டினேன்.
யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்,
ஆனால் எல்லோரும் முதலில்
தட்டித்தான் பார்க்கிறோம்.

"விமானம் என்னிடம்" என்றார் கேப்டன் சைஃப் மர்ஸூக்கி.
"விமானம் உங்களிடம்" என்றேன்.
"விளக்கு உன்னிடம்."
இருவருமே பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தால்
மூன்றாவதாக ஒருவர் வந்தா ஓட்டுவார்?

இரண்டாயிரம் அடியில் வட்டமிட்டோம்.
சோதனைப் பொத்தானை அழுத்தினேன்.
பலகையில் இருந்த அத்தனையும் எரிந்தன,
அது எரியவில்லை.
அப்படியானால் பல்புதான், அனேகமாக.
செக்லிஸ்டில்
'அனேகமாக' என்பதற்குக் கட்டம் கிடையாது.

மைக்கை எடுத்து ஆங்கிலத்தில் சொன்னேன்.
பட்டியலில் சுடலைமாடன், பிச்சையா, அந்தோணி குரூஸ்
என்று ஒன்பது பேர் கண்ணில் பட,
சட்டத்தில் இல்லாத தமிழிலும் சொன்னேன்:
சக்கரம் இறங்கிடுச்சுன்னு சொல்ற விளக்கு எரியலை.
அதுக்காக
சக்கரம் இறங்கலைன்னு அர்த்தம் இல்லை.
சொன்ன பிறகுதான் தோன்றியது,
இறங்கியது என்றும் அர்த்தம் இல்லை.

வலது பல்பைக் கழற்றி
மூக்கின் குழியில் பொருத்துவதாக ஏற்பாடு.
குன்றிமணியைவிடக் கொஞ்சம் பெரிசு.
வியர்த்த விரல்களுக்கு அது போதவில்லை.
நழுவியது.
பெடல் பக்கம் எங்கோ உருண்ட சத்தம்,
பிறகு சத்தமும் இல்லை.
இப்போது இருட்டு இரண்டு.

சைஃப் திரும்பிப் பார்க்கவில்லை.
உயரம், வேகம், உயரம், வேகம்
என்று அவர் கண்கள் போய்வந்துகொண்டிருந்தன.
"எரிபொருள்?" என்று மட்டும் கேட்டார்.
"ஐம்பது நிமிடம்."
"அப்போ அவசரமில்லை."

இடது பல்பை எடுத்தேன்.
இந்த முறை உள்ளங்கையைக் கிண்ணமாக்கிக் கீழே பிடித்தபடி.
மூக்கில் பொருத்தினேன்: பச்சை.
கழற்றி வலதில்: பச்சை.
மறுபடி இடதில்: பச்சை.
மூன்று வழக்குக்கும் ஒரே சாட்சி
கூண்டு மாறிக் கூண்டு ஏறிச் சொல்லிவிட்டது.

இறங்கியபோது
மூக்கை அவர் கடைசிவரை ஓடுதளத்தில் விடவில்லை.
கொதிக்கிற குழம்புச் சட்டியைக்
கரித்துணியால் பிடித்து இறக்குகிறவர்போல
மெல்ல, இன்னும் மெல்ல.
தொட்டது.
மடங்கவில்லை.

படியில் இறங்கிய வெல்டர் ஒருவர்
என் தோள்பட்டைக் கோடுகளைப் பார்த்துக் கேட்டார்:
"பல்பு பியூஸ் போனதுக்கா இருபத்தாறு நிமிஷம் சுத்துனீங்க?"
"ஆமாண்ணே."
"சரிதான்.
கேஸ் இல்லன்னு மீட்டர் சொன்னாலும்
இன்னொரு மீட்டர வெச்சுப் பாத்துட்டுத்தான்
நாங்க நெருப்பு வெப்போம்."
பையைத் தூக்கிக்கொண்டு போனார்,
இருபத்தெட்டு நாள் வேலைக்கு.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம்.
விழுந்த பல்பு கிடைக்காமல்
அந்த விமானம் பறக்கக் கூடாது.
எஞ்சினியர் தங்கச்சன் தரைத் தகடுகளைக் கழற்றினார்.
டார்ச்சு, காந்தம், கண்ணாடிக்குச்சி, கெட்டவார்த்தை,
எதற்கும் அது அகப்படவில்லை.
எங்களை மாலையில் வேறு விமானத்தில் அனுப்பினார்கள்.
அது அங்கேயே நின்றது,
முப்பத்தேழு இருக்கைகளோடு,
ஒரு குன்றிமணிக்காக.

இரவு பத்தரை. அபுதாபி, எலெக்ட்ரா தெரு.
சீருடையைத் துவைக்கப் போடும்போது
கால்சட்டையின் தையல் விட்ட மடிப்பிலிருந்து
என்னவோ விழுந்து தரையில் உருண்டது.
உடையவில்லை.

தங்கச்சனுக்குப் போன் போட்டேன்.
பின்னணியில் இன்னும் ஸ்பேனர் சத்தம்.
"சேட்டா, அது கிடைச்சிருச்சு."
"எங்கே?"

சொன்னேன்.

ஸ்பேனர் சத்தம் நின்றது.
நெடுநேரம்
மறுமுனையில் கடல் மட்டும் கேட்டது.